கொட்டேஷன் என்று வந்த வைரஸ்

சாமல்பட்டியில் கிரானைட் வியாபாரம் செய்கிறார் என் நண்பர். அலுவலகத்தில் நான்கு கம்ப்யூட்டர்கள், ஒரு பிராட்பேண்ட் இணைப்பு. எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஜிமெயில் முகவரி. (இதுவே முதல் தப்பு.) ஒருநாள் காலை போனில் பதறினார். "பெங்களூர் பார்ட்டி கூப்பிட்டாரு. நாங்க அனுப்பின பில்லில் பேங்க் அக்கவுண்ட் நம்பர் மாறியிருக்காம். நாங்க பில்லே அனுப்பலையே!"

பணம் போடுவதற்கு முன் அவர் கேட்டதால் தப்பித்தார்கள். நான்கு கம்ப்யூட்டர்களிலும் நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிடச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கணக்கு எழுதுபவரின் கம்ப்யூட்டரில் டவுன்லோட்ஸ் போல்டரைப் பார்த்தேன். முந்தைய வாரம் கொட்டேஷன் கேட்டு வந்த மெயிலில் ஒரு லிங்க் இருந்ததாம். அதை க்ளிக் செய்து ஜிப் பைல் ஒன்றை இறக்கித் திறந்திருக்கிறார். உள்ளே இருந்தது பார்வைக்கு பிடிஎப் பைல், ஐகானும் அதேதான். பைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று தேர்வு செய்தேன். பெயரின் வால் தெரிந்தது: "பிடிஎப்.எக்ஸ்இ". அது படிக்கும் பைல் அல்ல, இயங்கும் புரோகிராம்.

பழைய தந்திரம்தான். 2000 மே மாதம் உலகையே கலக்கிய ஐ லவ் யூ வைரஸும் "டிஎக்ஸ்டி.விபிஎஸ்" என்ற இரட்டை வாலுடன் வந்தது. விண்டோஸ் கடைசி வாலை மறைத்ததால் சாதாரண கடிதம் என்று நம்பித் திறந்தார்கள். உங்கள் கம்ப்யூட்டரிலும் அந்த எக்ஸ்டென்ஷன் வசதியை இன்றே ஆன் செய்துவிடுங்கள்.

இப்படி நுழையும் புரோகிராம்கள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடி அனுப்பிவிடும். எனவே வைரஸ் உள்ள கம்ப்யூட்டரிலேயே பாஸ்வேர்டை மாற்றினால் புதியதும் போய்விடும். நான் என் போனில் இருந்து மாற்றினேன். டூ ஸ்டெப் வெரிபிகேஷனையும் ஆன் செய்தேன். பிறகு ஜிமெயில் செட்டிங்ஸில் பார்வர்டிங், பில்டர்ஸ் பகுதிகளைப் பார்த்தேன். பலரும் மறக்கும் இடம் இது. அங்கே "பில்" என்ற சொல் உள்ள மெயில்களை எல்லாம் முன்பின் தெரியாத ஒரு முகவரிக்கு அனுப்பும் பில்டர் இருந்தது! அதை நீக்காமல் பாஸ்வேர்டை மட்டும் மாற்றியிருந்தால், திருடன் தொடர்ந்து படித்துக்கொண்டே இருந்திருப்பான்.

கணக்குக் கம்ப்யூட்டரை பார்மட் செய்தேன். மற்ற மூன்றிலும் விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள டிபெண்டர் ஆப்லைன் ஸ்கேன் ஓட்டினேன். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி ஸ்கேன் நடக்கும், எனவே திறந்த பைல்களை முதலில் சேவ் செய்துகொள்ளுங்கள். டேலி கணக்குகள் பேக்கப் ஆக வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. எப்போதும் செருகியே வைக்காமல் பீரோவில் வைத்திருந்தார்கள், நல்லவேளை.

ஒன்றில் விண்டோஸ் 10 இருந்தது. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

தெரியாத ஸ்பேம் மெயில்களில் அன்சப்ஸ்க்ரைப் லிங்கை அழுத்த வேண்டாம். ரிப்போர்ட் ஸ்பேம் போதும். பணமே போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

இப்போது நண்பரின் பில்களின் அடியில் ஒரு வரி அச்சாகிறது: "அக்கவுண்ட் நம்பர் மாறினால் போனில் கேட்டுக்கொள்ளவும்."