ஏரலுக்குப் புறப்படும் மருமகனுக்கு

நாகப்பட்டினம்,
21-12-2023.

அன்புள்ள மருமகனுக்கு ஆசீர்வாதம்.

கல்லூரி நண்பர்களோடு ஏரல் பக்கத்துக் கிராமங்களுக்கு நிவாரணச் சாமான்கள் ஏற்றிப் போக உத்தேசித்திருப்பதாக உன் தாயார் தெரிவித்தாள்; மனம் நிறைந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர், அதாவது அந்தச் சீமையில் ஓராண்டில் பெய்வதற்கும் மேற்பட்ட மழை, கொட்டித் தீர்த்ததும், தாமிரபரணி கரைமீறி ஊர்களைச் சூழ்ந்ததும், ரயில் பிரயாணிகள் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே அகப்பட்டுத் தவித்ததும் செய்தித்தாளில் வாசித்தது முதல் என் சிந்தையெல்லாம் அங்கேதான் இருக்கிறது. லாரியில் எதை ஏற்றுவது என்று நீங்கள் தீர்மானிக்குமுன் இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்கவேண்டும் என்றே அவசரமாக எழுதுகிறேன்.

2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்த ஊருக்கு வந்திறங்கிய பழந்துணிகள் சாலையோரம் குவியல் குவியலாகக் கேட்பாரற்றுக் கிடந்ததை நீ அறியமாட்டாய். அப்போது நீ கைக்குழந்தை. அனுப்பியவர்களுடைய நல்லெண்ணத்தில் யாதொரு குறையும் இல்லை. ஆனால் வீடும் வலையும் இழந்து நின்ற ஒரு தாய், தன் பிள்ளைக்கு ஒரு சட்டை தேடி அந்தக் குவியலைக் கிளறும்படி ஆகும்போது, உபகாரமே அவமானமாகிவிடுகிறது. ஆகையால் பழந்துணி கொண்டுவருபவர்களிடம் வணக்கத்தோடு மறுத்துவிடு. புதிய லுங்கி, நைட்டி, துண்டு, உள்ளாடை, போர்வை ஆகியவை கொஞ்சமேயானாலும் போதும். நாப்கின் பொட்டலங்களைக் காகிதப் பையில் வைத்து, உங்களோடு வரும் பெண்பிள்ளைகள் கையால், பெண்களிடமே சேர்ப்பியுங்கள்.

புறப்படுமுன் அந்தந்த ஊரின் கிராம நிர்வாக அலுவலரையோ, ரேஷன் கடைக்காரரையோ, அங்கன்வாடி அம்மாளையோ விசாரித்து, எத்தனை குடும்பங்கள், எத்தனை கைக்குழந்தைகள், எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள். யாரும் அகப்படாவிட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண் இருக்கிறது. பெருவழிச் சாலையோரத்து ஊர்களுக்கே லாரிகள் திரும்பத் திரும்பப் போய்ச் சேருவதும், இரண்டு மைல் உள்ளே தள்ளியிருக்கும் குக்கிராமம் வெறுங்கையோடு காத்திருப்பதும் ஒவ்வொரு வெள்ளத்திலும் நிகழ்கிற கொடுமை.

சாமான்களைத் தனித்தனி மூட்டையாகக் கொண்டுபோய் அங்கே பங்கிட முற்படாதே; தள்ளுமுள்ளில் முதியவர்களும் கர்ப்பிணிகளும் பின்தங்கிவிடுவார்கள். குடும்பத்துக்கு ஒன்றாக மூடியுள்ள 20 லிட்டர் வாளி வாங்கி, அதற்குள்ளேயே எல்லாவற்றையும் அடுக்கிக் கொடுப்பது உத்தமம்; சாமான் தீர்ந்த பிறகு அந்த வாளியே குடிநீர்ப் பாத்திரமாகும். வெள்ளம் வடிந்த ஊரில் பசியைக் காட்டிலும் தண்ணீரே பெரிய அபாயம் என்பதை மறவாதே. கலங்கல் நீரை வெள்ளைத் துணியை நாலாக மடித்து வடிகட்டி, அட்டையில் குறித்துள்ள அளவுக்குக் குளோரின் மாத்திரை இட்டு, 30 நிமிடம் மூடி வைத்த பின்னரே அருந்தவேண்டும். இதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வாளியின் மூடியிலேயே ஒட்டிவிடு. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் ஒரு லிட்டருக்குரியதும் 200 மில்லிக்குரியதும் கடையில் கிடைக்கின்றன. ஒரே வகையாக, லிட்டருக்குரியதையே வாங்கி, கூடவே ஒரு லிட்டர் பாட்டிலும் வை. அளவு தவறினால் குழந்தைக்கு நன்மைக்குப் பதில் தீங்கு நேரும்.

அடுப்பு நனைந்த வீட்டுக்கு அரிசி பயன்படாது. அவலும் வெல்லமும் பொட்டுக்கடலையும் வை. அரிசி பருப்பு கொடுப்பதானால் உப்பு, எண்ணெய், மிளகாய்த்தூளோடு தீப்பெட்டியையும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து இறுகக் கட்டு. பால்பவுடரைக் கண்டவர்களுக்கெல்லாம் வழங்காதே. அசுத்த நீரில் கரைத்துப் புட்டியில் ஊட்டுவதால் சிசுக்களுக்கு வயிற்றுப்போக்கு வருமாகையால், தாய்ப்பாலுக்கு வழியில்லாத குழந்தைகளுக்கு மாத்திரம், செவிலியரைக் கலந்துகொண்டு கொடுக்கலாம்.

நீங்கள் போய்ச் சேருகிற சமயத்தில் வீடுகளுக்குள் முழங்கால் மட்டும் சேறு இருக்கலாம். மண்வெட்டி, தென்னை விளக்குமாறு, பிளீச்சிங் பவுடர், கையுறை, முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஆகியவற்றை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். ஒரு கிழவியின் திண்ணையைக் கழுவிக் கொடுப்பதும் நிவாரணம்தான். எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பு மாத்திரை வேண்டுமா, டி.டி. ஊசி போட்டுக்கொள்ளவேண்டுமா என்று மருத்துவரை இன்றே கேட்டுவிடு. உங்களுக்கான உணவும் நீரும் படுக்கையும் தனியாக இருக்கட்டும். அந்த ஜனங்கள் விருந்தோம்பலில் சளைத்தவர்கள் அல்லர், இருக்கிற ஒரு பிடியையும் உங்களுக்குப் பரிமாறிவிடுவார்கள்.

உன் அத்தையும் நானும் சிறிது பணம் அனுப்பியிருக்கிறோம். அதில் முதலில் மூடியுள்ள வாளிகளை வாங்கு. மீதியைக் குளோரின் மாத்திரைக்குச் செலவிடு. ஊர்ப்பெயர்களைத் தெரிந்துகொண்டதும் எனக்கு எழுது; ஸ்ரீவைகுண்டத்தில் எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று விசாரித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா