விலை பார்த்து நடுதல்

பயிரில் நோய் கண்டால் அதன் காரணத்தை ஆராய்ந்து மருந்து தெளிக்கும் கமக்காரர், விலை வீழ்ச்சியை மட்டும் விதியின் செயலென்று விட்டுவிடுவதுண்டு. நல்ல விளைச்சல் கண்ட ஆண்டிலேயே கடனாளியாகும் நிலையும் பலருக்கு நேர்கின்றது. இதற்குரிய காரணத்தைப் பொருளியல் அறிஞர் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். அதனை அறிந்து நடப்பவர் நட்டத்தை முற்றாகத் தவிர்க்க இயலாவிடினும் பெருமளவு குறைத்துக்கொள்ளலாம்.

இன்றைய விலை கூறுவது யாது?

சின்ன வெண்காயத்துக்கு இன்று நல்ல விலை கிடைக்கின்றது எனக் கொள்க. அதனை அயலிலுள்ள கமக்காரர் அனைவரும் காண்கின்றனர். நாலு பரப்பில் நட்டவர் எட்டுப் பரப்பில் நடுகின்றார்; புகையிலை நட எண்ணியவரும் வெண்காயத்துக்கு மாறுகின்றார். நட்ட பயிர் சந்தைக்கு வர இரண்டு மூன்று மாதம் செல்லும். அப்பொழுது எல்லோருடைய வெண்காயமும் ஒருங்கே வந்து குவிய, விலை விழுகின்றது. அதைக் கண்டு அடுத்த முறை பலர் நடாது விட, வெண்காயம் அரிதாகி மீண்டும் விலை ஏறுகின்றது. ஆகவே இன்றைய விலை, முன்னர் எவ்வளவு நடப்பட்டது என்பதையே காட்டுகின்றது. வரப்போகும் அறுவடை நாளின் விலையை அது காட்டாது.

சிலந்திவலைக் கோட்பாடு

ஜேர்மனியில் ஆதர் ஹானவ் என்னும் பொருளியலறிஞர் 1928இல் பன்றி விலை பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார். விலை உயர்ந்ததும் பண்ணையாளர் கூடுதலாகப் பன்றி வளர்ப்பதும், அவை சந்தைக்கு வரும்போது விலை விழுவதும், அதனால் வளர்ப்புக் குறைந்து மீண்டும் விலை உயர்வதும் ஒரு சுற்றாக நடைபெறுவதை அவர் எடுத்துக்காட்டினார். 1934இல் நிக்கொலஸ் கால்டோர் இதற்குச் ‘சிலந்திவலைக் கோட்பாடு’ எனப் பெயரிட்டார். விலையும் அளவும் மாறிவரும் வழியை வரைபடத்தில் கோடுகளாக இட்டால் சிலந்தி வலை போன்ற உருவம் தோன்றும்.

1961இல் அமெரிக்கரான ஜோன் மூத் மற்றொரு கருத்தை வெளியிட்டார். உற்பத்தியாளர் சென்ற விலையை மட்டும் நம்பாது, கிடைக்கும் செய்திகள் யாவற்றையும் கொண்டு வருங்கால விலையை மதிப்பிடுவாராயின் இச்சுற்று இவ்வாறு நீடிக்காது என்பதே அது. கமக்காரர் கைக்கொள்ளத்தக்க பாடமும் இதுவே.

மரக்கறியில் வீழ்ச்சி கடுமையாதல்

உணவின் தேவை வயிற்றின் அளவுக்கு உட்பட்டது. மிளகாய் மலிந்ததென்று எவரும் கறிக்கு இருமடங்கு மிளகாய் இடுவதில்லை. ஆதலால் நிரம்பல் சிறிது மாறினும் விலை பெரிதும் மாறும். இங்கிலாந்தின் தானிய விளைச்சல் பத்திலொரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு உயரும் என்னும் கணிப்பைச் சாள்ஸ் டவெனன்ற் 1699இலேயே வெளியிட்டிருந்தார். மிகுந்த விளைச்சலில் இதற்கு எதிர்மாறாக நடக்கும். உதாரணமாக, 1,000 கிலோவைக் கிலோ 100 ரூபா வீதம் விற்றால் 1,00,000 ரூபா கிடைக்கும். 1,200 கிலோவை 70 ரூபா வீதம் விற்றால் 84,000 ரூபாவே கிடைக்கும். உழைப்புக் கூட, வருவாய் குறைகின்றது.

நெல்லை நன்கு காயவைத்துச் சேமிக்கலாம். அதற்கு 1948இல் உத்தரவாத விலைத் திட்டம் தொடங்கப்பட்டது. 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபையும் நிறுவப்பட்டது. தக்காளியையும் கத்தரியையும் பறித்த சில நாட்களுள் விற்றேயாதல் வேண்டும்.

செய்தியின் பயன்

கேரளக் கரையோரத்தில் 1997 முதல் கையடக்கத் தொலைபேசி படிப்படியாகப் பரவியது. அதற்கு முன் ஒரு துறையில் வாங்குவோரின்றி மீன் கழிக்கப்படும் அதே நாளில், வேறொரு துறையில் மீன் போதாதிருப்பதுண்டு. பின்னர் மீனவர் கடலிலிருந்தே விலை விசாரித்துத் துறையைத் தெரிவுசெய்தனர். றொபேட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி மீனவரின் இலாபம் நூற்றுக்கு 8 கூடியது. நுகர்வோர் கொடுத்த விலை நூற்றுக்கு 4 குறைந்தது. அறுவடை வேளையில் கமக்காரரும் இவ்வாறே பல சந்தைகளின் விலையை விசாரித்துப் பயனடையலாம். நடுகை வேளையிலோ, “இன்று என்ன விலை?” என்பதிலும் “இம்முறை எத்தனை ஏக்கர் நடப்படுகின்றது?” என்ற கேள்வியே முக்கியமானது.

கவனிக்க வேண்டியவை

1. நடுமுன் அயற் கிராமங்களின் நடுகை அளவை விவசாயப் போதனாசிரியரிடமும் கமநல சேவை நிலையத்திலும் விசாரித்தறிக. விதை வெண்காயத்தின் விலை வழமைக்கு மேல் ஏறியிருப்பின், பலர் நட முயல்கின்றனர் என்பதற்கு அது அறிகுறியாகலாம்.

2. நிலம் முழுவதிலும் ஒரே பயிரை ஒரே நாளில் நடாது, இரண்டு மூன்று பயிர்களாகப் பிரித்து, இரு வார இடைவெளி விட்டு நடுக.

3. வீட்டாரின் உழைப்பையும் நாட்கூலி விலைக்குச் செலவில் சேர்த்துக்கொள்க. அதே நாட்களில் வேறு வேலையாற் பெற்றிருக்கக்கூடிய வருவாய் ‘அமையச் செலவு’ எனப்படும்.

4. கடன் பெறுமுன், கண்ட விலையின் பாதியே கிடைக்கும் எனக் கொண்டு கணக்கிடுக. அவ்விலையிலும் கடனைத் தீர்க்க இயலுமாயின் மட்டும் பெறுக.

5. விலை விழுந்தவிடத்து, விதைக்கும் பசளைக்கும் செலவிட்ட பணத்தை எண்ணிப் பயிரைக் கைவிடாதீர். அப்பணம் பறித்தாலும் பறிக்காவிடினும் மீளாது. பறிகூலி, சாக்கு, ஏற்றுகூலி, தரகு ஆகியவற்றிலும் விற்பனைப் பணம் கூடுமாயின் பறித்து விற்பதே நன்று.

மழையும் வரட்சியும் இறக்குமதியும் எக்கணக்கையும் மாற்றக்கூடும். எனினும் விலையை மட்டும் பார்த்து நடுபவரிலும், அயலாரின் நடுகையையும் விசாரித்து நடுபவருக்கு நட்டம் நேரும் வாய்ப்புக் குறைவாகும்.