பேதியாகும் குழந்தைக்குப் பாலை நிறுத்தலாமா?

"பால் குடுத்தா இன்னும் போகுமே" என்று குழுக் கூட்டங்களில் நீங்கள் சொல்வதை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். பேதியில் குழந்தையின் உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் உடம்பில் நீர் வற்றுவதால்தான். எனவே தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

1 லிட்டர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுசாக, கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் கரைக்கணும். டம்ளருக்குக் கொஞ்சம் என்று பிரித்துப் போட்டால் உப்பின் அளவு மாறிடும். ஒவ்வொரு முறை போன பிறகும் கரண்டியால் கொடுங்க. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்க. 24 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிடணும். கிராம செவிலியர் தரும் ஜிங்க் மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்கணும்.

கண் குழி விழுந்தால், சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால், குழந்தை குடிக்காமல் துவண்டால், தொக்கம் எடுக்க அலையாதீங்க. உடனே 108-ஐக் கூப்பிடுங்க. 2 மாதம் நிரம்பாத குழந்தையை இந்த அறிகுறிகளுக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க.