ஒதுங்கி நிற்கும் புள்ளி

பயோஇன்ஃபர்மேடிக்ஸ் முடித்துவிட்டு மருந்துக் கண்டுபிடிப்பு நிறுவனத்தில் வேலை தேடுகிறீர்களா? நேர்முகத் தேர்வில் ஒரு ராமச்சந்திரன் வரைபடத்தை நீட்டி, "என்ன தெரிகிறது?" என்பார்கள். "98 சதவீதம் நல்ல பகுதியில் இருக்கிறது சார்" என்று சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். அதை சர்வரே சொல்லிவிடும். உங்களுக்குச் சம்பளம் மிச்சம் 2 சதவீதத்துக்குத்தான்.

வரைபடம் நம் ஊர்ச் சரக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-ல் வெளியிட்டது. கொலாஜனுக்குச் சென்னைக்காரர்கள் சொன்ன மூவிழை அமைப்பில் அணுக்கள் இடித்துக்கொள்கின்றன என்று வெளிநாட்டில் குறை எழுந்தது. சரி, எவ்வளவு நெருங்கினால் இடிக்கும் என்று கணக்குப் போட இறங்கியதில் விளைந்தது இந்தப் படம். புரதச் சங்கிலியின் முதுகெலும்பு ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் இரண்டு இடத்தில் திருகும்; அந்தத் திருகு கோணங்கள்தான் படத்தின் இரு அச்சுகள்: கிடையில் ஃபை, நெடுக்கில் சை. எந்தத் திருகலில் அணுக்கள் இடிக்காதோ அந்த இடம்தான் அனுமதிக்கப்பட்ட பகுதி.

பழக யுபிக்விட்டினை எடுங்கள். புரத வங்கியில் 1யுபிக்யூ என்ற எண். 76 அமினோ அமிலம்தான், ஒரு மாலையில் முழுதாகப் பார்த்துவிடலாம். மால்ப்ராபிட்டி சர்வரில் ஏற்றினால் வரைபடம் வந்துவிடும். வலப்பாதியில், ஃபை நேர்மறையாக இருக்கும் புள்ளிகளைத் தேடுங்கள். கிளைசின் அங்கே போனால் கவலையில்லை; பக்கச் சங்கிலி இல்லாத ஆள், எங்கும் திரிவார். 60-வது அஸ்பரஜினையும் விட்டுவிடலாம், அந்த இனத்துக்கு அது பழகிய இடம். 46-வது அலனினுக்கு அங்கே என்ன வேலை? முப்பரிமாணத்தில் திறந்து பாருங்கள்: சங்கிலி சட்டென்று திரும்பும் வளைவில் உட்கார்ந்திருக்கும். அரிதான இடம், ஆனால் பிழை இல்லை.

நிஜமாகவே வெளியே விழுந்த புள்ளி என்றால் கூட் மென்பொருளில் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள். அடர்த்தி அணுக்களைக் கச்சிதமாகப் போர்த்தியிருந்தால் அந்த நெளிவு உண்மையாகவே இருக்கலாம். நொதிகளின் வினை மையத்தில் இப்படி நடப்பதுண்டு. அடர்த்தி மங்கலாக இருந்தால், மாதிரியைக் கட்டியவர் அங்கே குத்துமதிப்பாகச் சங்கிலியை ஓட்டியிருக்கிறார் என்று சந்தேகப்படலாம். மருந்து மூலக்கூறு ஒட்ட வேண்டிய பள்ளத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு புள்ளி இருந்தால், டாக்கிங் தொடங்கும் முன்பே குழுத் தலைவரிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லாமே பச்சையாக வந்தாலும் எனக்குச் சந்தேகம்தான். கட்டமைப்பைச் செம்மைப்படுத்தும்போதே இந்தக் கோணங்களை நிபந்தனையாகக் கொடுக்க முடியும். கேள்வித்தாளைக் காட்டிவிட்டுப் பரீட்சை வைக்கிற கதை. அதைப் பிடிக்கத்தான் ராமா-இசட் மதிப்பெண். புள்ளிகள் உள்ளே விழுந்தனவா என்பதோடு, அவை பரவியிருக்கும் விதம் இயல்பானதா என்றும் அது பார்க்கும்.

ஆல்ஃபாஃபோல்ட் தரவுத்தளத்தில் கணினி கணித்த மாதிரிகள் 20 கோடிக்கு மேல் கிடக்கின்றன. நம்பிக்கை மதிப்பெண் 50-க்குக் கீழே உள்ள பகுதிகளில் கோணம் அளந்து நேரத்தை வீணாக்காதீர்கள். எந்த மாதிரியானாலும், சங்கிலியைச் சுருளா, தகடா என்று பிரிக்க 1983-ல் வந்த டிஎஸ்எஸ்பி நிரல் இன்றும் போதும். ஆனால் அது பார்ப்பது ஹைட்ரஜன் பிணைப்பை, கோணத்தை அல்ல. சுருளின் இரு நுனியிலும் வரைபடத்தோடு கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பதற வேண்டாம்.

சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. சங்கிலியின் முதல் அமினோ அமிலத்துக்கு ஃபை கிடையாது, கடைசிக்கு சை கிடையாது. அங்கே பூஜ்ஜியம் போட்டு நிரப்பினால் வரைபடத்தில் பேய்ப் புள்ளி முளைக்கும். நடுவில் சங்கிலி அறுந்த இடங்களிலும் இதே வம்பு.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: நிறுவனத்தின் வெளியாகாத கட்டமைப்பைப் பொது சர்வரில் ஏற்றலாமா? பெரும்பாலும் கூடாது. மால்ப்ராபிட்டியின் சோதனைகள் ஃபீனிக்ஸ் மென்பொருளுக்குள்ளேயே இருக்கின்றன. அதை உங்கள் கணினியில் நிறுவித் தரச் சொல்லுங்கள்.