'சபால்டர்ன்' என்னும் சொல்: அதன் வரலாறும் பொருளும்

நம் மாணவர் ஒருவர் அளவையியல் நூலை விரித்தால் 'சபால்டர்ன்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் காண்பார். பிரித்தானியப் படையின் வரலாற்றை விரித்தால் அங்கும் அதுவே நிற்கும். இக்காலப் பல்கலைக்கழக வரலாற்று நூல்களிலோ அச்சொல் ஓர் ஆய்வுத்துறைக்கே பெயராகியுள்ளது. இம்மூன்று இடங்களிலும் அதன் பொருள் ஒன்றா, வேறா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பல்லேகலையில் இருந்துகொண்டு இதனை ஆராய்வதற்குத் தக்க காரணமும் உண்டு. அது போகப்போக விளங்கும்.

சொல்லின் பிறப்பு

இச்சொல் பிற்கால இலத்தீனின் 'சுபால்டேர்னுஸ்' என்பதன் வழிவந்தது. 'சுப்' என்பது 'கீழ்' எனவும், 'அல்டேர்' என்பது 'மற்றது' எனவும் பொருள்படும். ஆகவே மற்றொன்றன் கீழ் வரிசையாய் நிற்பது என்பதே இதன் அடிப்பொருள். போர்பிரி என்னும் கிரேக்க அறிஞர் எழுதிய அளவையியல் முன்னுரையை இலத்தீனில் பெயர்த்த போயத்தியஸ் இச்சொல்லை ஆண்டார். உயிர்ப்பொருள், விலங்கு, மனிதன் என ஒரு வரிசையை எண்ணுக. இடையிலுள்ள 'விலங்கு' என்னும் வகுப்பு மேலுள்ளதற்குக் கீழானது, கீழுள்ளதற்கோ மேலானது. இவ்வாறு இடையில் நிற்பதே அக்காலச் சபால்டர்ன். முற்றிலும் அடியில் கிடப்பது அன்று என்பதை நினைவிற் கொள்க.

மரபு அளவையியலில் எடுப்புக்கள் நான்கு. 'எல்லாரும் ஆவர்' என்பது நிறை விதி. 'எவரும் அல்லர்' என்பது நிறை மறை. 'சிலர் ஆவர்' என்பது குறை விதி. 'சிலர் அல்லர்' என்பது குறை மறை. இவற்றை ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளில் எழுதுவர். நிறை எடுப்புக்கள் மேலும், அவற்றின் கீழ்ப்பட்ட குறை எடுப்புக்கள் கீழும் நிற்கும். கீழ்நிற்பவையே சபால்டர்ன். மேலது மெய்யாயின் கீழதும் மெய்யாகும். ஆனால் கீழது மெய் என்பதனால் மேலதும் மெய் என்று ஏறிச்செல்ல இயலாது. இன்னும் ஒன்று. கீழ்மூலையில் நிற்கும் 'சிலர் அல்லர்' என்பது மெய்யாயின், குறுக்கே எதிர்மூலையில் உயர்ந்து நிற்கும் 'எல்லாரும் ஆவர்' என்பது உடனே வீழும். தாழ்ந்த எடுப்பு ஒன்று உயர்ந்த எடுப்பை வீழ்த்தவல்லது. இவ்விதிகளை ஈண்டு நன்கு பதித்துக்கொள்வோமாக, பின்னர்ப் பயன்படும்.

படையிற் புகுந்த சொல்

ஆங்கிலப் படையில் கப்டன் பதவிக்குக் கீழ்ப்பட்ட இளநிலை அதிகாரிகள் சபால்டர்ன் எனப்பட்டனர். லெப்டினன்ட், இரண்டாம் லெப்டினன்ட் முதலானோர் இதில் அடங்குவர். இங்கும் அவர் கடைநிலையாளர் அல்லர். பிரித்தானிய இந்தியப் படையில் பல்லாண்டு அனுபவம் வாய்ந்த சுபேதாரும், அன்று வந்திறங்கிய இளம் ஆங்கிலச் சபால்டர்னுக்குக் கீழேயே வைக்கப்பட்டார். மேலதிகாரி முன் தாழ்ந்து நின்ற இளைஞன், வேறொருவர் முன் ஆண்டவனாய் நின்றான்.

கண்டி வரலாற்றிலும் இத்தகைய ஓர் இளைஞர் உண்டு. தாமஸ் ஸ்கின்னர் இளம்பருவத்திலேயே படையிற் சேர்ந்து, 1820 இல் ஆளுநர் பார்ன்ஸ் காலத்துக் கொழும்பு - கண்டி வீதி அமைப்பில் ஈடுபட்டார். பின்னர் இலங்கையின் வீதிகளை அமைத்த பெருந்தகை எனப் புகழ்பெற்றார். அவர் பெயரை நாம் அறிவோம். அவர் ஏவலில் பாறை உடைத்தோரின் பெயர்களை அறிவாரில்லை.

தோட்டத்துப் படிநிலை

கண்டியைச் சூழ்ந்த மலைகளில் முதலில் கோப்பியும், 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தொடங்கியபின் தேயிலையும் பரவின. நம் பல்லேகல அமைந்த தும்பறைப் பள்ளத்தாக்கோ கோப்பிக்கும் கொக்கோவிற்கும் பெயர்பெற்றது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரே இத்தோட்டங்களின் உழைப்புக்கு ஆதாரமாயினர். அங்கு எழுந்த வரிசையை நோக்குக: பெரிய துரை, சின்னத்துரை, கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி, அவருக்கும் கீழே தொழிலாளர். இடையில் நின்ற ஒவ்வொருவரும் ஒருவருக்குக் கீழும் மற்றொருவருக்கு மேலும் ஆவர். படையின் சபால்டர்னுக்கு நேரான தமிழ்ச்சொல்லை அகராதியில் தேடவேண்டுவதில்லை. 'சின்னத்துரை' என்று நம் மக்கள் என்றோ ஆக்கிவைத்துள்ளனர்.

கடைப்படியில் நின்றவருக்கு ஆங்கிலர் இட்ட பெயர் 'கூலி'. அச்சொல் தமிழினின்று சென்றதென்பாரும், குஜராத்துக் கோலியர் என்னும் இனப்பெயரினின்று வந்ததென்பாரும் உளர். எவ்வாறாயினும், தமிழில் கூலி என்பது செய்த வேலைக்குரிய ஊதியம்; அதில் இழிவு ஏதுமில்லை. ஆங்கிலத்தில் ஊதியத்தின் பெயர் ஆளின் பெயராயிற்று. பெறவேண்டியதைக் குறித்த சொல் பெறுபவனை இழித்துரைக்கும் சொல்லாய் மாறியது. கொடுக்கவேண்டிய கடமை மறைந்து, தாழ்ந்தவன் என்ற முத்திரை எஞ்சியது.

'துண்டு' என்பதும் அத்தகையதே. தொழிலாளி ஒருவர் வேறு தோட்டம் செல்ல வேண்டுமாயின் அவர் கடன்தொகை எழுதிய துண்டு தேவைப்பட்டது. புதிய தோட்டத்தார் அக்கடனைத் தீர்த்தே அவரை எடுத்துக்கொண்டனர். 1921 இல் சட்டத்தால் இம்முறை ஒழிந்தது. அதுவரை ஏடுகளில் அம்மனிதர் பெரும்பாலும் ஒரு கடன்தொகையாகவே பதிந்தார்.

வரலாற்றுத்துறையிற் புதுப்பொருள்

இத்தாலியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்சி 1926 இல் சிறைப்பட்டார். சிறையில் அவர் எழுதிய குறிப்பேடுகளில் ஒன்று, 1934 அளவில், ஆளப்படும் வகுப்பினரைச் சபால்டர்ன் குழுக்கள் என்று அழைத்து அவர்களின் வரலாற்றை ஆராய்ந்தது. அவ்வரலாறு துண்டு துண்டாய்ச் சிதறிக் கிடப்பது என்பது அவர் கண்ட உண்மை. 1982 இல் ரணஜித் குஹாவின் பதிப்பில் 'சபால்டர்ன் ஸ்டடீஸ்' என்னும் கட்டுரைத்தொகுதி டில்லியில் வெளிவந்தது. இந்திய விடுதலை வரலாறு ஆங்கில ஆட்சியாளரையும் நாட்டுத் தலைவரையும் மட்டுமே பேசுகின்றது. உழவரும் பழங்குடியினரும் தம் அறிவால் இயங்கியதை அது மறைக்கின்றது என்று அவர் வாதிட்டார். 1988 இல் காயத்ரி சக்கரவர்த்தி ஸ்பிவாக், சபால்டர்ன் பேச இயலுமா என்று வினவினார். வாய் திறவார் என்பதன்று அவர் கருத்து; திறந்தாலும் கேட்கும் செவியமைப்பு இல்லை என்பதே. தமிழில் இவர்களை 'அடித்தள மக்கள்' எனவும் 'விளிம்புநிலை மக்கள்' எனவும் வழங்குவர்.

இங்கே நேர்ந்த பொருள்மாற்றத்தை ஓர்க. இடைநிலை அதிகாரியைக் குறித்த சொல், அவ்வதிகாரியின் கண்ணுக்கும் படாத மக்களைக் குறிக்கலாயிற்று.

நம் மலையகத்திலேயே சான்றுண்டு. 1940 சனவரியில் ஹேவாஹெட்டையை அடுத்த முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தபோது, பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர்நீத்தார். விசாரணை நடந்தது, அதனையொட்டி எழுந்த பிணக்கில் அமைச்சர்கள் பதவி துறக்கும் நெருக்கடியும் விளைந்தது. உழைத்த நாளெல்லாம் ஏடறியாத ஒருவர், இறந்த நாளில் நாட்டின் ஆவணத்துள் நுழைந்தார். அவர் இறப்பை நாம் அறிவோம். அவர் எண்ணியது யாது என்பதை எந்த ஆவணமும் நமக்குக் கூறவில்லை.

சதுரத்திற்கு மீள்வோம்

அளவையியல் விதிகள் இப்போது பயன்படும். 1948 இல் நாடு விடுதலை பெற்றது. விடுதலை பெற்றோர் எல்லாரும் என்றனர். அவ்வாண்டே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப்பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்ப்போம் என ஒதுக்கியது. அம்மக்களை அவர்கள் கேளாமலே எண்ணினர். 2003 ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியது. அந்த 55 ஆண்டுகளும் 'சிலர் அல்லர்' என்னும் தாழ்ந்த எடுப்பு மெய்யாய் நின்றது. ஆகவே 'எல்லாரும்' என்ற உயர்ந்த எடுப்பு பொய்யாயிற்று.

மற்றொரு விதியும் உண்டு. பல்லேகலையின் விளையாட்டரங்கிற்கு முத்தையா முரளிதரனின் பெயரைச் சூட்ட 2010 இல் மாகாணசபை முடிவு செய்தது. தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவரின் பேரனாய்க் கண்டியிற் பிறந்து, டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுக்கள் வீழ்த்தியவர் அவர். நாம் மகிழ்வது முறையே. ஆயினும் 'சிலர் உயர்ந்தனர்' என்பதினின்று 'எல்லாரும் உயர்ந்தனர்' என ஏறிச்செல்ல விதியில்லை. ஒருவரின் பெயரைக் காட்டி மற்றோரின் குறையை மறைப்பது அளவையியற் பிழை மட்டுமன்று, அறப்பிழையுமாகும்.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

வரலாற்று ஏடு எதனைப் படித்தாலும் மூன்று வினாக்களை எழுப்புக. இதனை எழுதியவர் எப்படியில் நின்றார்? எழுதப்பட்டவர் எப்படியில் நின்றார்? எழுதப்பட்டவரின் வாய்ச்சொல் இதில் ஒன்றேனும் உண்டா? மூன்றாவதற்கு விடை பெரும்பாலும் 'இல்லை' என்றே வரும். அவ்விடையுடன் அமைந்துவிடாது, வேறிடத்தில் தேடுக. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தமையால், ஏடறியாதோரின் குரல் ஓரளவேனும் நமக்குக் கிட்டியது.

பழைய மாணவராகிய நம்முள் பலர் இன்று மருத்துவராயும் ஆசிரியராயும் அதிகாரிகளாயும் இருக்கின்றோம். பழம்பொருளின்படி நோக்கின் நாமும் சபால்டர்ன்களே: ஒருவர்க்குக் கீழும் ஒருவர்க்கு மேலும் நிற்கின்றோம். மேலே நோக்கிக் குறைகூறுதல் எளிது. நமக்குக் கீழ்ப்படியில் நிற்பவர் பேசும்போது நம் செவி திறந்துள்ளதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வதே, இச்சொல்லைக் கற்றதனாலாய பயனாகும்.