பழவேற்காட்டு மீனும் இயல்நிலைப் பரவலும்

அளவையிலும் நிறுவையிலும் நீதி பிறழாதிருக்குமாறு திருக்குர்ஆன் பணிக்கிறது. புள்ளியியலில் இயல்நிலைப் பரவலும் ஓர் அளவுகோலே. அதனைக் கொள்ளும் இடமும் தள்ளும் இடமும் எவையெனப் பழவேற்காட்டு ஏரியின் மீனவர் வாழ்வைக் கொண்டு காண்போம். கணக்குகளிலுள்ள எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை.

ஒரே வயதுடைய ஓரின மீன்களின் நீளங்கள் பெரும்பாலும் சராசரியை ஒட்டியே திரளும். மிகச் சிறியனவும் மிகப் பெரியனவும் அருகியே காணப்படும். இதனை வரைந்தால் மணி வடிவ வளைவரை தோன்றும். 1733இல் டி மாவர் கண்ட இவ்வளைவரையை 1809இல் காஸ் அளவீட்டுப் பிழைகளுக்குப் பொருத்திக் காட்டினார். இதில் சராசரியின் இருபுறமும் ஒரு திட்ட விலக்கத்திற்குள் ஏறத்தாழ 68 விழுக்காடும், இரண்டிற்குள் 95 விழுக்காடும் அடங்கும். ஓர் அளவிலிருந்து சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் இசட் மதிப்பு கிடைக்கும்.

கணக்கு 1: மடவை மீன்களின் சராசரி நீளம் 20 செ.மீ.; திட்ட விலக்கம் 4 செ.மீ. வலையில் விழுந்த 500 மீன்களுள் 14 செ.மீ.க்குக் குறைந்தவை எத்தனை?

தீர்வு: இசட் = (14 − 20) ÷ 4 = −1.5. அட்டவணைப்படி இதற்கு இடப்புறப் பரப்பு 0.0668. எனவே 500 × 0.0668 = 33.4, ஏறத்தாழ 33 மீன்கள். வளராத மீன்கள் எத்தனை அழிகின்றன என்பதை இவ்வாறு மதிப்பிட்டு, வலைக்கண்ணின் அளவை முடிவு செய்யலாம்.

கணக்கு 2: இறாலின் சராசரி நீளம் 12 செ.மீ.; திட்ட விலக்கம் 2 செ.மீ. 26 செ.மீ. மடவை, 16 செ.மீ. இறால் ஆகிய இரண்டனுள் தன் இனத்தில் அரிதான பெரியது எது?

தீர்வு: மடவையின் இசட் 1.5, இறாலின் இசட் 2. ஆகவே இறாலே அரிது. வேறுபட்ட இனங்களையும் ஒரே தராசில் நிறுக்க இசட் உதவுகிறது.

கணக்கு 3: ஒரு நாளில் பத்து மீனவருள் எண்மர் தலைக்கு 100 ரூபாயும், இருவர் தலைக்கு 1,600 ரூபாயும் ஈட்டினர். சராசரி 400, திட்ட விலக்கம் 600. இயல்நிலைப் பரவலின்படி சுழியத்திற்குக் கீழ் ஈட்டியோர் எத்தனை விழுக்காடு?

தீர்வு: இசட் = (0 − 400) ÷ 600 = −0.67, பரப்பு 0.2514. அதாவது நால்வருள் ஒருவருடைய வருவாய் சுழியத்திற்கும் கீழ்! இது பொருந்தா விடை. பிழை வகுத்தலில் இல்லை. வளைவரையைத் தேர்ந்ததில் உள்ளது.

பழவேற்காட்டில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் 'பாடு' வழக்கம் உண்டு. முறை வந்தவர் வலை நிறையும் நாளில் மற்றவர் வலை நிறையாதிருக்கலாம். முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் அனைவர் வரவும் குன்றும். இத்தகைய வருவாய் மணி வடிவில் அமைவதில்லை. மேற்கண்ட பத்துப் பேருள் 400 ரூபாய் ஈட்டியவர் ஒருவருமிலர். அச்சராசரியை நம்பி உதவித் திட்டம் வகுப்பின் எண்மரின் வறுமை மறைந்துபோகும்.

ஆதலின் மாணவர்களே, சராசரியைக் கண்டதும் சிதறலைக் கேளுங்கள். சிதறலை அறிந்ததும் பரவலின் வடிவத்தைக் கேளுங்கள். அதன் பின்னரே அட்டவணையைத் திறங்கள். அளவையில் நீதி என்பது கடைத்தராசுக்கு மட்டும் உரியதன்று, கணக்கேட்டுக்கும் உரியது.