வெந்நீர்க் கலம்: சில சொற்களின் பொருள்

வட இந்தியாவில் குளிர்காலம் தொடங்கியதும் பல இல்லங்களில் மின்சார வெந்நீர்க் கலம் இயங்கத் தொடங்குகிறது. இதனைக் ‘கீசர்’ என்பர். ஐஸ்லாந்து நாட்டு வெந்நீர் ஊற்றொன்றின் பெயரிலிருந்து வந்த சொல் இது. இதனைக் கொதிகலன் என்றல் பொருந்தாது. கொதிகலன் நீரை ஆவியாக்குவது. இதுவோ நீரைக் கொதிநிலைக்குக் கீழேயே நிறுத்துவது. இக்கலத்தைப் பற்றி வழங்கும் சொற்களை அறிந்திருத்தல் செலவைக் குறைக்கும், உயிரையும் காக்கும்.

கிலோவாட், யூனிட்: கிலோவாட் என்பது மின்னாற்றல் செலவாகும் வேகம். 1 கிலோவாட் வேகத்தில் 1 மணி நேரம் செலவாகும் ஆற்றலே 1 யூனிட். அது 860 கிலோகலோரி வெப்பத்திற்குச் சமம். 15 லிட்டர் நீரை 20 பாகை செண்டிகிரேடிலிருந்து 60 பாகைக்கு உயர்த்த 15 × 40 = 600 கிலோகலோரி, அதாவது ஏறத்தாழ 0.7 யூனிட் வேண்டும். 2 கிலோவாட் கலம் இதனை 21 நிமிடத்திலும், 3 கிலோவாட் கலம் 14 நிமிடத்திலும் முடிக்கும். நேரம் வேறுபடினும் செலவாகும் யூனிட் ஒன்றே.

நிலை இழப்பு: நீரைப் பயன்படுத்தாதபோதும் கலத்தின் சுவர் வழியே வெளியேறும் வெப்பம். எரிசக்தித் திறன் செயலகத்தின் நட்சத்திரக் குறி இவ்விழப்பைப் பொறுத்தது. நட்சத்திரம் மிகுந்தால் இழப்புக் குறையும்.

படிவு: கடின நீர் சூடேறும்போது கால்சியம் கார்பனேட் பிரிந்து சூடேற்றும் கம்பியின்மேல் படிகிறது. இது வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆகவே கம்பி அளவுக்கு மீறிச் சூடேறிக் கெடுகிறது.

தெர்மோஸ்டாட்: குறித்த வெப்பநிலையில் மின்னோட்டத்தை நிறுத்தி, நீர் ஆறியதும் மீண்டும் செலுத்தும் கருவி. இது பழுதுற்றால் மின்சாரத்தை அறவே நிறுத்துவது வெப்பத் துண்டிப்பான்.

பாதுகாப்பு வால்வு: மேற்கூறியவாறு சூடேறும் 15 லிட்டர் நீர் 200 மில்லிலிட்டருக்கு மேல் விரிகிறது. அதற்கு இடமின்றேல் அழுத்தம் ஏறும். எல்லை கடந்த அழுத்தத்தை நீராக வெளியேற்றுவதே இவ்வால்வின் தொழில். நீர் சொட்டுகிறதென்று இதன் வாயை அடைப்போர் உளர், இது பெருந்தவறு. மற்ற இரு காவல்களும் பழுதுற்ற வேளையில், அழுத்தத்திற்குட்பட்ட நீர் 100 பாகையைக் கடந்தும் கொதியாது நிற்கும். கலம் பிளந்தவுடன் அந்நீரின் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். 1 லிட்டர் நீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மிகுந்த இடத்தைக் கொள்ளும். கலம் வெடிப்பதன் காரணம் இதுவே.

சூடேறும்போது சில துளிகள் கசிதல் இயல்பு. இடையறாது சொட்டினால் மின்சாரத்தை நிறுத்தித் தேர்ந்தவரை அழைத்தலே முறை.